சுகாதாரப் பாடம்: பாதியில் நிற்கும் வைத்தியம்
(ஆண்களுக்கு எழுதியது, பெண்களும் படிக்க வேண்டியது)



பிள்ளைகளின் நிறை, கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தக் குறைவு, வயிற்றோட்டம், பிரசர், சீனி வருத்தம் என்று சுகாதாரப் பாடத்தில் படிக்க எத்தனையோ விடயங்கள் இருக்கின்றன. ஆனால் ஆண்களுக்கு வருகிற ஒரு வருத்தத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. கேட்காததால் அந்த வருத்தம் இல்லை என்று ஆகிவிடாது.

ஆணுறுப்பு வேண்டிய நேரத்தில் விறைக்காமல் போவது, விறைத்தாலும் நிலைக்காமல் தளர்ந்துவிடுவது, இதுதான் அந்த வருத்தம். டாக்டர்மார் இதை விறைப்புக் குறைபாடு என்கிறார்கள். லயத்துப் பேச்சில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்பார்கள். இன்னும் சிலர் ‘ஆம்பளத்தனம் போச்சு’ என்று கேலி பேசுவார்கள். இரண்டுமே சரியான பேர் இல்லை. கண் பார்வை மங்குவது போல, மூட்டு வலிப்பது போல, இதுவும் உடம்பில் வருகிற ஒரு வருத்தம். இதற்கு வைத்தியம் உண்டு.

வைத்தியம் உண்டு என்றால் பிறகு என்ன பிரச்சினை? டாக்டர் சொன்னதை ஆண்கள் கேட்பதில்லை என்பதுதான் பிரச்சினை. ஏன் கேட்பதில்லை, கேட்காவிட்டால் எது கெட்டுப்போகும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எதை வருத்தம் என்று சொல்வது?

கவ்வாத்து வெட்டிக் களைத்து வந்த அன்றைக்கு, மனக் கவலை உள்ள அன்றைக்கு, குடித்துவிட்டு வந்த அன்றைக்கு விறைக்காமல் போனால் அது வருத்தம் இல்லை. எல்லா ஆண்களுக்கும் எப்போதாவது அப்படி நடக்கும். மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இப்படியே இருந்தால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இது அபூர்வமான வருத்தமும் இல்லை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1987 முதல் 1989 வரை ஆண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 40 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் நூற்றுக்கு 52 பேருக்குக் கொஞ்சமாகவோ கூடுதலாகவோ இந்தக் குறை இருந்தது. நமது இலங்கையில் சீனி வருத்தம் உள்ள ஆண்களிடம் செய்த ஓர் ஆய்வு 2008 இல் வெளிவந்தது. அதில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் இந்தக் குறை காணப்பட்டது. ஆகவே ‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்று நினைத்துத் தலைகுனிய ஒன்றுமில்லை. சீனி கிளினிக் வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆண்களில் பலருக்கு இருக்கிறது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

பீலியும் குழாயும்

இந்த வருத்தம் ஏன் வருகிறது என்பதை நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்து விளங்கிக்கொள்வோம். மலையில் உள்ள ஊற்றிலிருந்து லயத்துப் பீலிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. குழாய்களின் உள்ளே பாசியும் சேறும் படியத் தொடங்கினால் முதலில் எங்கே தண்ணீர் குறையும்? சின்னக் குழாயில்தான். பெரிய குழாயிலும் அதே பாசி படிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் அது நமக்குப் பிந்தித்தான் தெரியும்.

ஆணுறுப்பு விறைப்பது இரத்தம் வந்து நிறைவதால்தான். அங்கே போகிற இரத்தக் குழாய் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீற்றர் அகலம்தான். நெஞ்சுக்கு இரத்தம் கொடுக்கும் குழாய் மூன்று, நான்கு மில்லிமீற்றர். சீனி, பிரசர், கொழுப்பு, சிகரட், பீடி இவையெல்லாம் இரண்டு குழாயையும் சேர்த்தே கெடுக்கின்றன. சின்னக் குழாய் முதலில் அடைபடுகிறது. அதனால்தான் பலருக்கு இந்த வருத்தம் வந்து சில வருடங்களுக்குப் பிறகு மாரடைப்பு வருகிறது. முதலில் வந்தது எச்சரிக்கை. அதைச் சொல்லாமல் மறைத்தவர், நெஞ்சைச் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பத்தையும் இழந்துவிடுகிறார்.

வேறு காரணங்களும் உண்டு. சீனி வருத்தம் நரம்பையும் கெடுக்கும். சாராயமும் கசிப்பும் அளவுக்கு மிஞ்சினால் நரம்பும் ஈரலும் கெடும், விறைப்பும் குறையும். கடன் கவலை, புருஷன் பெண்சாதிச் சண்டை, ‘இன்றைக்கும் முடியாமல் போய்விடுமோ’ என்ற பயம் இவையும் காரணமாகலாம். சில மருந்துகளும் காரணமாகலாம். எது காரணம் என்று டாக்டர் கேட்டு, சீனியும் பிரசரும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சொன்னபடி செய்கிறவர்கள் எத்தனை பேர்?

எந்த நீண்டகால வருத்தமானாலும், வளர்ந்த நாடுகளிலேயே நோயாளர்களில் சுமார் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி பாவிக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003 இல் ஓர் அறிக்கையில் எழுதியது. விறைப்புக் குறைபாட்டுக்குக் கொடுக்கும் குளிசையிலும் இதே கதைதான். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2016 இல் கணக்குப் பார்த்தபோது, குளிசை தொடங்கிய ஆண்களில் மாதத்துக்கு நூற்றுக்கு நான்கு பேர் வீதம் விட்டுவிடுகிறார்கள், ஒரு வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள் என்று தெரிந்தது. இவர்களாவது டாக்டரிடம் போனவர்கள். போகாமலே இருப்பவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே ‘தோட்டத்து ஆண்கள்தான் சொல் கேட்பதில்லை’ என்று யாரும் பழி சொல்ல வேண்டாம். எல்லா நாட்டிலும் ஆண்கள் இப்படித்தான். ஆனால் நமக்கென்று சில தனிக் கஷ்டங்கள் உண்டு. அவற்றையும் சேர்த்து, வைத்தியம் எந்த எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்ப்போம்.

முதலாவது: போகாமலே இருப்பது

கிளினிக் நாள் வேலை நாள். போனால் பேர் விழாது, அல்லது அரைப் பேர்தான் விழும். டிஸ்பென்சரியில் முன்னுக்கும் பின்னுக்கும் தெரிந்தவர்கள் நிற்பார்கள். “என்னா அண்ணே, ஒங்களுக்கு என்னா வருத்தம்?” என்று கேட்பார்கள். சொன்னால் அந்திக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. சீனிக்கோ பிரசருக்கோ மாதா மாதம் கிளினிக் போகிறவர் தனியாக ஒரு நாள் எடுக்கத் தேவையில்லை. அதே நாளில், டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது ஒரு வசனம் சொன்னால் போதும். வருத்தம் ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பவர்கள், 35 வயதைத் தாண்டியிருந்தால், அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்குப் போகலாம். அங்கே சீனி, பிரசர் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். அங்கு போவதைப் பார்த்து யாரும் ஒன்றும் நினைக்கப்போவதில்லை.

இரண்டாவது: வேறு வருத்தத்துக்கான குளிசையை நிறுத்துவது

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. “பிரசர் குளிசை போட்ட பொறகுதான் இப்படி ஆச்சு” என்று நினைத்து, யாருக்கும் சொல்லாமல் அதை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிளினிக் புத்தகத்தில் மருந்து எழுதியிருக்கும், வீட்டு அலுமாரியில் குளிசை குவிந்திருக்கும். ஒரு நாள் மலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது கை கால் இழுத்துக்கொள்ளும். குடும்பத்துக்குக் காரணமே தெரியாது.

சில பிரசர் குளிசைகள் விறைப்பைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்படியானால் டாக்டர் வேறு குளிசைக்கு மாற்றிக் கொடுக்கலாம். கேட்டால்தானே மாற்றுவார்? இன்னொரு விடயமும் இருக்கிறது. 2003 இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், நெஞ்சு வருத்தமோ பிரசரோ உள்ள 96 ஆண்களுக்கு அட்டனோலோல் என்ற ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். என்ன மருந்து என்று சொல்லாமல் கொடுத்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் விறைப்புக் குறைந்தது என்றார்கள். மருந்தின் பேரை மட்டும் சொன்னவர்களில் அது நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல். ‘இது விறைப்பைக் குறைக்கலாம்’ என்றும் சேர்த்துச் சொன்னவர்களில் முப்பதுக்கு மேல். மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். பயம் மட்டும்தான் வித்தியாசம். ஆகவே பழியெல்லாம் குளிசை மேல் போடுவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். சீனிக் குளிசையை நிறுத்தினாலோ, சீனி கூடி இந்த வருத்தமும் சேர்ந்தே கூடும்.

மூன்றாவது: பிழையாகப் பாவித்துவிட்டு ‘வேலை செய்யல்ல’ என்பது

இதற்கு அதிகமாகக் கொடுக்கும் குளிசை சில்டெனாபில். வயாகரா என்ற பேரில் 1998 இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி கிடைத்தது. முதலில் நெஞ்சு வலிக்கு மருந்து தேடியபோது கண்டுபிடித்த மருந்து இது. இப்போது பல கம்பனிகள் பல பேரில் செய்கின்றன. விலையும் பல விதம். துண்டில் எழுதிய மருந்தின் விலை கட்டாவிட்டால் “இதே மருந்து விலை குறைஞ்சதா இருக்கா?” என்று டாக்டரிடமோ பாமசியிலோ கேட்பதில் வெட்கம் இல்லை.

இதைப் பாவிக்கும் முறையைச் சரியாகத் தெரிந்துகொள்ளாததால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. கவனியுங்கள்:

1. உறவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். போட்ட உடனே வேலை செய்யாது.

2. வயிறு முட்ட, எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்ட பிறகு போட்டால் மருந்து உடம்பில் ஊறப் பிந்தும்.

3. குளிசை போட்டால் தானாக விறைக்காது. ஆசையும் அன்பான நெருக்கமும் இருந்தால்தான் வேலை செய்யும்.

4. சாராயம் குடித்துவிட்டுப் போட்டால் பலன் குறையும், தலை சுற்றும்.

5. ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது. பலன் இல்லை என்று நீங்களாகவே அளவைக் கூட்டக் கூடாது.

6. ஒரு தடவை, இரண்டு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். வெவ்வேறு நாட்களில் குறைந்தது ஆறு தடவையாவது சரியான முறையில் பார்த்த பிறகே பலன் இல்லை என்று சொல்லலாம். அப்போதும் டாக்டரிடம் திரும்பப் போனால் அளவை மாற்றலாம், வேறு மருந்து கொடுக்கலாம், வேறு வைத்தியமும் உண்டு.

தலைவலி, முகம் சூடாவது, மூக்கடைப்பு, வயிற்றெரிச்சல் வரலாம். பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஆனால் விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் இருந்தால், வெட்கப்படாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடிந்த பிறகு பார்ப்போம் என்று இருந்தால் உறுப்பு நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

நான்காவது: டாக்டரை விட்டுவிட்டு டவுன் வியாபாரியிடம் போவது

டாக்டரிடம் சொல்ல வெட்கப்படுகிறவர், பஸ் ஸ்டாண்டில் லேகியம் விற்கிறவனிடம் வெட்கப்படுவதில்லை. அவன் கேள்வி கேட்க மாட்டான், காசை மட்டும் வாங்குவான். ‘மூலிகை, பக்கவிளைவு இல்லை’ என்று விற்கும் சில மருந்துகளைப் பல நாடுகளில் சோதித்தபோது உள்ளே அதே சில்டெனாபில் தூள் களவாகக் கலந்திருந்தது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பது விற்றவனுக்கே தெரியாது. கூட்டாளி தந்த குளிசையும் இப்படித்தான். அவருக்குச் சரியானது உங்களுக்கு ஆபத்தாகலாம்.

அது என்ன ஆபத்து? இதைப் பெரிய எழுத்தில் மனதில் எழுதிக்கொள்ளுங்கள்:

நெஞ்சு வலிக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் ஜி.டி.என். குளிசையோ, ஐசோசோர்பைட் குளிசையோ பாவிக்கிறவர்கள் சில்டெனாபில் வகைக் குளிசையை ஒருபோதும் போடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரசர் திடீரென்று விழுந்து உயிர் போகலாம். இந்தக் குளிசை போட்ட பிறகு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், ‘இன்ன குளிசை, இன்ன நேரம் போட்டேன்’ என்று கட்டாயம் சொல்ல வேண்டும். மறைத்தால், உயிரைக் காப்பாற்றக் கொடுக்கும் மருந்தே எமனாகிவிடும்.

ஐந்தாவது: குளிசை மட்டும் போதும் என்று இருப்பது

சிகரட், பீடியை விடுங்கள், குடியைக் குறையுங்கள், நிறையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்வதை வழக்கமான புத்திமதி என்று நினைத்துத் தட்டிவிடுகிறோம். அது புத்திமதி இல்லை, மருந்து. 2004 இல் வெளிவந்த இன்னோர் இத்தாலிய ஆய்வில், இந்தக் குறை இருந்த 110 பருத்த ஆண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். 55 பேருக்குச் சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் விவரமாகச் சொல்லிக் கொடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். மற்ற 55 பேருக்குப் பொதுவான ஆலோசனை மட்டும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, முதல் பிரிவில் 17 பேருக்கு இந்தக் குறை நீங்கியிருந்தது. மற்றதில் 3 பேருக்குத்தான். நம்மில் மலையில் ஏறி இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு நடை போதும். ஆனால் வேலை முடிந்த பிறகு குடிக்கும் சாராயமும், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சீனி போட்டுக் குடிக்கும் தேத்தண்ணீரும் நம் கையில்தான் இருக்கிறது.

மனைவிமாருக்கு

குளிசையைப் பாதியில் விடுவதற்கு ஒரு முக்கிய காரணம், மனைவிக்குத் தெரியாமல் பாவிப்பது. ஒளித்து வைத்த குளிசையை ஒரு நாள் மனைவி காண்கிறார். “ஏங்க, இது எதுக்கு? யாருக்கு?” என்று சந்தேகம் வருகிறது. அதற்கு முன்பே, புருஷன் நெருங்கி வராததைப் பார்த்து ‘வெளியில் யாரையோ வைத்திருக்கிறார்’ என்று மனம் நொந்திருப்பார். அவரோ தன் குறையை மறைக்கக் கோபப்படுவார், குடிப்பார். ஒரு வருத்தத்தினால் ஒரு குடும்பமே சண்டைக் களமாகிறது. ஆகவே ஆண்கள் முதலில் மனைவியிடம் சொல்ல வேண்டும். “புள்ள, எனக்கு இப்படி ஒரு வருத்தம் இருக்கு, டாக்டர்கிட்ட காட்டப் போறேன்” என்று சொன்னால் எந்த மரியாதையும் குறையாது.

மனைவிமார் கேலியாக ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்காக வைத்தியத்தையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அடுத்த வீட்டில் போய்ப் பேசவும் வேண்டாம்.

ஆண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து கொழுந்து பறித்து, நிறுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் உங்கள் மனைவி படுக்கைக்கு வருகிறார். ‘காசு குடுத்துக் குளிசை போட்டேன்’ என்பதற்காக அவர் சம்மதிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. லயத்துக் காம்பராவில் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒன்றாகப் படுக்கிற இடத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கிற இடத்தில், பதற்றமில்லாத ஒரு நேரத்தை இருவரும் பேசித்தான் தெரிவு செய்ய வேண்டும். அப்படிப் பேசுவதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

பலருக்கு வார்த்தை வராததுதான் தடை. இப்படிச் சொல்லலாம்:

“டாக்டர் ஐயா, தனியா ஒரு விசயம் பேசணும்.”

“சொல்லுங்க.”

“எனக்கு ஆறு மாசமா உறவு நேரத்துல சரியா விறைக்க மாட்டேங்குது. பிரசருக்கு இந்தக் குளிசை போடுறேன். இதனாலயா? சீனியும் பாக்கணுமா?”

இவ்வளவுதான். எவ்வளவு காலமாக, என்ன குளிசை பாவிக்கிறீர்கள், நெஞ்சு வலி உண்டா, குடி, சிகரட் உண்டா என்ற நான்கையும் மறைக்காமல் சொன்னால் போதும். பாஷை தெரியாத டாக்டராக இருந்தால், நீங்கள் நம்புகிற ஓர் ஆண் உறவினரை அழைத்துப் போகலாம். பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டாம். கிளினிக் புத்தகத்தையும் பாவிக்கும் எல்லாக் குளிசைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்கக் கேள்விகள்

1. சின்னக் குழாய் முதலில் அடைபடுகிறது என்றால், இந்த வருத்தம் வந்தவர் வேறு என்ன என்ன சோதித்துப் பார்க்க வேண்டும்?

2. பிரசர் குளிசை மேல் சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது என்ன? செய்யக் கூடாதது என்ன?

3. எந்த மருந்து பாவிக்கிறவர்கள் சில்டெனாபில் போடவே கூடாது?

4. நமது வீட்டில் யாராவது கிளினிக் குளிசையைப் பாதியில் விட்டிருக்கிறார்களா? ஏன் என்று அன்பாகக் கேட்டோமா?

நான்காவது கேள்விக்கான பதில் இந்தப் பக்கத்தில் இல்லை. அது உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இன்றைக்கே திறந்து, மிச்சமிருக்கும் குளிசைகளை எண்ணிப் பாருங்கள்.